கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே

எண்பதைத் தாண்டியவர்களிடம் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் பிள்ளைகள்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது வேறு. "ராத்திரியில பொட்டுத் தூக்கம் இல்லப்பா" என்பார்கள். "ஏதோ என் வேலையை நானே பாத்துக்கறேன், அது போதும்" என்பார்கள். பேச்சு நீண்டால் மூன்றாவதாக ஒன்று வரும்: "கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும்."

இவை வீட்டாரின் காதில் மூன்று தனித்தனிப் புலம்பல்களாக விழுகின்றன. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, முட்டிக்கு ஒரு தைலம், சாவுப் பேச்சுக்கு "சும்மா இருங்க, என்ன பேச்சு இது" என்று ஓர் அதட்டல். அத்தோடு கடமை முடிந்தது. உண்மையில் மூன்றும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருபவை. எண்பதுக்குப் பிறகு இரவுத் தூக்கமும் கால் பலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தூக்கம் கெட்டால் நடை தடுமாறும். நடை நின்றால் தூக்கம் கெடும். இரண்டும் சேர்ந்து சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. நள்ளிரவில், அரைத்தூக்கத்தில், இருட்டில், கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே இருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு அடி.

அந்தத் தூரத்தைத் தானே நடந்து, தானே திரும்பி வந்து படுக்க முடிகிற வரை ஒருவர் தன் வீட்டில் தன் மரியாதையோடு வாழ்கிறார். முடியாமல் போகும் நாளில் வீட்டின் ஏற்பாடே மாறிவிடுகிறது. ஆள் வைக்கலாமா, ஹோமில் சேர்க்கலாமா என்ற பேச்சு அன்றுதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டுக்கு இது நாளைய கவலை அல்ல. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021-ல் இங்கே 13.6 சதவீதம் பேர் 60 வயதை எட்டியவர்கள். 16.5 சதவீதத்தோடு முன்னால் நிற்பது கேரளம் மட்டுமே. 2031-ல் நம் கணக்கு 18.2 சதவீதமாகும். இதைவிட முக்கியமானது எண்பதைக் கடந்தவர்களின் கணக்கு. ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை, 2022-க்கும் 2050-க்கும் இடையில் இந்தியாவில் அவர்களின் எண்ணிக்கை சுமார் 279 சதவீதம் கூடும் என்கிறது. அவர்களில் பெரும்பகுதி கணவனை இழந்து, பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் மூதாட்டிகளாக இருப்பார்கள். 65 வயதுக்காரர் பஸ் ஏறிப் பழநிக்குப் போய் வருவார். 88 வயதுக்காரரின் உலகம் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு வாசல். இருவரையும் 'மூத்த குடிமக்கள்' என்ற ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டதால், இரண்டாமவரின் தேவைகள் திட்டங்களிலும் தெரிவதில்லை, வீட்டாரின் கண்ணிலும் படுவதில்லை.

கால் நகம் சொல்லும் சேதி

முதுமையை வயதை வைத்தோ நோய்ப் பட்டியலை வைத்தோ அளக்காமல், ஒருவர் தனக்குத் தானே என்னென்ன செய்துகொள்கிறார் என்பதை வைத்து அளக்கலாம் என்று மருத்துவ உலகுக்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் கிளீவ்லேண்டு நகரத்து மருத்துவர் சிட்னி காட்ஸ். அவரும் சகாக்களும் 1963-ல் வெளியிட்ட அளவுகோலில் ஆறே விஷயங்கள்தான்: குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்துவது, உண்பது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் உலகெங்கும் முதியோர் மருத்துவத்தில் இதே ஆறு கேள்விகளைக் கேட்கிறார்கள். குழந்தை எந்த வரிசையில் இவற்றைக் கற்கிறதோ, முதியவர் ஏறக்குறைய அதன் தலைகீழ் வரிசையில் இழக்கிறார் என்பதையும் காட்ஸ் கவனித்துச் சொன்னார்.

பின்னாளில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. 1921-ல் பிறந்தவர்களை அவர்களது 85-வது வயதில், 2006-ல் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். எந்த வேலை முதலில் கைவிட்டுப் போகிறது, எது கடைசி வரை நிற்கிறது என்று பார்த்தார்கள். முதலில் போவது கால் நகம் வெட்டுவது. கடைசியில் போவது தானே எடுத்து உண்பது. கால் நகம் வெட்ட இடுப்பு வளைய வேண்டும், முட்டி மடங்க வேண்டும், கண் தெரிய வேண்டும், விரல் நடுங்காமல் இருக்க வேண்டும். இவற்றில் எது சரிந்தாலும் நகம் நீண்டுவிடும். வெட்கத்தால் அதை யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் மருந்துச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் அவர் கால் விரல்களைப் பாருங்கள். உதவி தேவைப்படத் தொடங்கிவிட்டது என்பதை அவர் வாயைவிட அவை முன்னதாகச் சொல்லிவிடும்.

தூங்கி முடித்தவரைத் தூங்கவில்லை என்கிறோம்

வயதானால் தூக்கமே வேண்டியதில்லை என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. அது தவறு. அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை 2015-ல் வயதுவாரியாகப் பரிந்துரைத்தபோது, 65-க்கு மேற்பட்டவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் என்றது. தேவை அவ்வளவாகக் குறைவதில்லை. தூக்கத்தின் அமைப்புதான் மாறுகிறது. இடி இடித்தாலும் எழாத அந்த ஆழ்ந்த தூக்கம் வயதோடு சுருங்குகிறது. மேலோட்டமான தூக்கம் மிகுகிறது. அதனால் எதிர்வீட்டு நாய் குரைத்தாலும், மின்விசிறி நின்றாலும், முட்டி ஒருமுறை சுளீர் என்றாலும் விழிப்பு வந்துவிடுகிறது.

நேரமும் முன்னுக்கு நகர்கிறது. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஒரு சிறு நரம்புக் கொத்துதான் நம் உடலின் கடிகாரம். கண்வழியே வரும் வெளிச்சம், முக்கியமாக அதிலுள்ள நீல ஒளி, அதற்குப் பகலையும் இரவையும் அறிவிக்கிறது. வயதாக ஆக விழிவில்லை மஞ்சளாகிறது, புரை படர்கிறது, அந்த ஒளி குறைகிறது. போதாததற்கு, எண்பது வயதுக்காரர் நாள் முழுவதும் டியூப்லைட் வெளிச்சத்தில் நடு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே வெயில் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று அவர் கடிகாரத்துக்குத் தெரிவதே இல்லை.

அப்புறம் என்ன ஆகிறது? "சாப்பிட்டுப் படுங்க மாமா, சீரியல் முடிஞ்சா நாங்களும் சாப்பிடணும்" என்று ஏழு மணிக்கே இட்லியைக் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். ஏழரைக்குக் கண் மூடுகிறது. இரண்டரைக்கு விழிப்பு வருகிறது. கணக்குப் போட்டால் அவர் ஏழு மணி நேரம் தூங்கி முடித்துவிட்டார்! ஆனால் ஐந்தரை வரை வீடே தூங்குகிறது. விளக்கைப் போட்டால் பிள்ளைகளின் தூக்கம் கெடும் என்று இருட்டிலேயே கிடக்கிறார். அந்த மூன்று மணி நேரத் தனிமையைத்தான் காலையில் "பொட்டுத் தூக்கம் இல்லை" என்கிறார். அதைக் கேட்ட மகன் மாத்திரை வாங்கி வருகிறார். தூங்கி எழுந்தவருக்குத் தூக்க மாத்திரை!

இவருக்கு வேண்டியது மாலை வெளிச்சம். ஐந்து மணியிலிருந்து ஆறேகால் வரை வாசலிலோ மொட்டைமாடியிலோ உட்காரட்டும், நடக்கட்டும். உடல் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகரும். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு, எல்லோரோடும் சேர்ந்து. படுக்கை ஒன்பதரைக்கு. மதியம் சாப்பிட்ட பின் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் தவறில்லை. மூன்று மணிக்குள் எழுந்துவிட வேண்டும். காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் சாய்வு நாற்காலியில் தலை தொங்கிக்கொண்டு போடும் கோழித் தூக்கம்தான் இரவுக் கணக்கில் கழிகிறது. மூன்று மணிக்குப் பிறகு காபி வேண்டாம். அதன் வீரியம் பாதியாகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கையை உட்கார, சாப்பிட, டி.வி. பார்க்க என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால், கட்டில் என்றால் தூக்கம் என்ற தொடர்பே மூளைக்கு அறுந்துபோகிறது.

ராத்திரியில் மூன்று முறை

முதியவர்கள் எழுவதற்குப் பெருங்காரணம் சிறுநீர். இதைப் பற்றி டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். ஆண்கள் என்றால் 'பிராஸ்டேட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். இளமையில், இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. முதுமையில் அந்த இரவுநேர ஏற்றம் மங்கிவிடுகிறது. இதோடு இன்னொரு காரணம் சேர்கிறது. பகலெல்லாம் காலைத் தொங்கப்போட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்ளும். படுத்தவுடன் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்துக்கு வந்து, பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் எழுப்பிவிடும். ரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் ஆம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கலாம். இதயம் பலவீனமாக இருந்தாலும் இப்படி ஆகும். குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு நிற்கும் நோயாலும் இரவுச் சிறுநீர் கூடும்.

எனவே பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுத்து, கோத்த நீரை மாலைக்குள்ளேயே வெளியேற்றிவிடலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். மாலையில் விழுங்கினால் ராத்திரி முழுக்க நடைதான். தண்ணீரை நாள் முழுக்கக் குறைக்கக் கூடாது. அப்படிக் குறைத்தால் மலச்சிக்கலும் மயக்கமும் வரும். காலையிலும் மதியமும் போதுமான அளவு குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொண்டால் போதும்.

எழுந்து நிற்கும் அந்த நொடி தனி ஆபத்து. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்குகிறது. இளம் உடல் உடனே ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சரிசெய்துவிடும். முதிய உடலுக்கு நேரம் பிடிக்கும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் அதை ஒரு நோயாகவே கணக்கிடுகிறார்கள். பிராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்ற மருந்துகள் இதை அதிகமாக்கலாம். ஆனால் நம் கிளினிக்குகளில் முதியவரை உட்கார வைத்தே பிரஷர் பார்த்து அனுப்புகிறார்கள். "ஒருமுறை நிக்க வெச்சும் பாருங்க டாக்டர்" என்று கேட்பதில் தவறே இல்லை. விழித்ததும் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பாதத்தைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். கட்டிலும் உட்காரும்போது பாதம் முழுவதும் தரையில் படும் உயரத்தில் இருக்க வேண்டும். மகன் கல்யாணத்துக்குச் செய்த உயரமான தேக்குக் கட்டில் தொண்ணூறு வயதுக்கு உதவாது. ரொம்பத் தாழ்ந்த கட்டிலும் ஆகாது, அதிலிருந்து எழவே முடியாது.

வழியில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். கால்மிதியை எடுத்துவிட வேண்டும். கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். சுவரில் உறுதியான கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. பாரம் விழுந்தால் அது பெயர்ந்துவிடும். செலவு மிகக் குறைவு. லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அரை மாத்திரையின் ஆயுள்

இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம். அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ஆனாலும் "அம்மாவுக்கு எப்பவும் வாங்குறதுதான்" என்ற ஒரு சொல்லில் அட்டை அட்டையாகக் கைமாறுகின்றன. "அரை மாத்திரைதானே" என்கிறார்கள். 1975-ல் வெளியான ஓர் ஆய்வு, டயசிபாம் உடலில் பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தது. இருபது வயதில் சுமார் 20 மணி நேரம். எண்பது வயதில் சுமார் 90 மணி நேரம். திங்கள்கிழமை இரவு விழுங்கிய மருந்தில் பாதி வெள்ளிக்கிழமையும் உடலில் இருக்கிறது. அதன் மேல் செவ்வாய், புதன், வியாழன் மாத்திரைகளும் சேர்கின்றன. பகலில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மறதி. "அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். வயதாகிவிட்டது உண்மை. அந்தத் தள்ளாட்டம் மருந்துடையது.

மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991-ல், முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை உருவாக்கினார். அந்நாட்டு முதியோர் மருத்துவச் சங்கம் இன்றும் அதைப் புதுப்பித்து வருகிறது. இந்த வகைத் தூக்க மருந்துகள் எல்லாமே அதில் இருக்கின்றன. விழுதல், எலும்பு முறிவு, மனக்குழப்பம் என்பவையே அதற்கான காரணங்கள். சளிக்குச் சாப்பிடும் பழைய வகை அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது; மறதியும் சிறுநீர் அடைப்பும் வரும். ஆனால் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பும் வரலாம். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும், அதையும் மருத்துவர் பார்வையில் செய்ய வேண்டும்.

சில தூக்கக் கேடுகளுக்கு மருத்துவர்தான் தேவை. தூக்கத்தில் கத்துவது, எட்டி உதைப்பது, கனவில் வந்தவரோடு சண்டை போடுவது பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டு முன்னோடியாக இருக்கலாம். படுத்ததும் கால் குடைச்சல் எடுத்து நடந்தால் குறைந்தால், ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் வியர்த்துக் கொட்டிப் பிதற்றினால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் முதியவர்களுக்கு இரவில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். "காத்து கருப்பு" என்று விபூதி பூசிக்கொண்டிருந்தால் விடிவதற்குள் உயிர் போகலாம்.

பாசம் பறிக்கும் கால்கள்

"நீங்க சும்மா உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்." தமிழ் வீடுகளில் தினமும் கேட்கும் அன்பான வாக்கியம் இது. கீரை ஆய விடுவதில்லை, துணி மடிக்க விடுவதில்லை, வாசலில் கோலம் போட விடுவதில்லை. தண்ணீர், காபி, செய்தித்தாள், ரிமோட் எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வருகின்றன. ஒரு நாளைக்கு அறுபது முறை எழுந்து உட்கார்ந்தவர் ஆறு முறைதான் எழுகிறார். மிச்ச ஐம்பத்து நான்கு முறையில்தான் அவருடைய தொடைப் பலம் இருந்தது. இதை மரியாதை என்று நினைக்கிறோம். அவருக்கு அது தண்டனை. பகலில் வேலையைப் பறித்துவிட்டு, ராத்திரித் தூக்கத்தை மருந்துக்கடையில் தேடுகிறோம்.

படுக்கை எவ்வளவு வேகமாகக் காலைத் தின்கிறது என்பதற்கு 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சாட்சி. சராசரி 67 வயதுள்ள, நோயில்லாத, நன்றாக நடமாடும் பதினோரு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். சாப்பாடு தடையில்லை. பத்தாவது நாள் முடிவில் ஒவ்வொருவருக்கும் கால் தசையில் சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்திருந்தது. 67 வயதில், ஆரோக்கியமானவருக்கு இது. 87 வயதில் காய்ச்சலோடு மருத்துவமனையில் பத்து நாள் கிடப்பவரின் கதி என்ன? நடந்து உள்ளே போன எத்தனையோ பேர் ஸ்ட்ரெச்சரில் வீடு திரும்புகிறார்கள். போன நோய் குணமாகியிருக்கும், கால் போயிருக்கும். அட்டெண்டருக்கு வசதி என்று முதல் நாளே டயப்பர் கட்டுவதும், தேவை முடிந்தபின்னும் சிறுநீர்க் குழாயை எடுக்காமல் விடுவதும் இதை விரைவுபடுத்துகின்றன. "எப்போது உட்கார வைக்கலாம், எப்போது நடக்க வைக்கலாம்?" என்பதை ஒவ்வொரு நாளும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் உறவினர் கேட்க வேண்டும்.

போன பலம் திரும்புமா? திரும்பும். இதைச் சொல்லும்போது எனக்குள் ஓர் உற்சாகம் வருகிறது. பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் மறுவாழ்வு இல்லத்தில் மருத்துவர் மரியா ஃபியடரோன் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். சராசரி வயது 90. எல்லோரும் தளர்ந்தவர்கள். எட்டு வாரம், தொடைக்கு எடை தூக்கும் பயிற்சி. 1990-ல் முடிவு வெளியானது. தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அவர்களில் இரண்டு பேர் கைத்தடி இல்லாமலே நடக்கத் தொடங்கினார்கள். தொண்ணூறு வயதிலும் தசை பதில் சொல்கிறது. யாராவது அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு எடைக்கருவி வேண்டாம். கைப்பிடி உள்ள, சுவரில் முட்டுக் கொடுத்த ஒரு நாற்காலி போதும். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க. அரை நிமிடத்தில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். 85 முதல் 89 வயது வரை எட்டுக்குக் குறைந்தால் விழும் அபாயம் அதிகம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்கிடுகிறது. கையை ஊன்றாமல் ஒருமுறையும் எழ முடியாதவர் கை ஊன்றியே தொடங்கட்டும். காலை ஐந்து, மாலை ஐந்து. ஒரு வாரம் கழித்து ஒன்று கூட்டலாம். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் சில நொடி நிற்பது. சமநிலையும் தசைப் பலமும் சேர்ந்த பயிற்சி வாரம் மூன்று நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. தினமும் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ உணவில் சேர வேண்டும். வெறும் ரசம் சாதத்தில் தசை வளராது.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாளை நினைத்துக்கொள்கிறேன். நூறு வயதைக் கடந்தும் தன் இயற்கை விவசாயத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2024-ல் மறைந்தார். கோவையில் தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்து, 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற யோகா பாட்டி நானம்மாளும் அப்படியே. இவர்களுடைய உடல்வாகு எல்லோருக்கும் வாய்க்காது. எல்லோரிடமும் இதை எதிர்பார்ப்பதும் கொடுமை. ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: அவர்களுடைய வேலையை அவர்கள் கையிலிருந்து யாரும் வாங்கவில்லை.

உதவிக்கு ஊரில் இடமும் இருக்கிறது. முதியோருக்கென்று தனி மருத்துவம் இந்தியாவில் வேர்விட்டதே சென்னையில்தான். அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் அதற்கான புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கிய டாக்டர் வி.எஸ்.நடராஜன் பின்னாளில் பத்மஸ்ரீ பெற்றார். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னைக்கு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை தருவதற்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடும் உண்டு. வரும் ஊழியரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

விழுந்த பிறகு

எல்லாம் செய்தும் விழலாம். கேம்பிரிட்ஜ் நகரில் தொண்ணூறைக் கடந்த 110 பேரை ஓர் ஆண்டு கூர்ந்து பின்தொடர்ந்த ஆய்வு 2008-ல் வெளியானது. அந்த ஓராண்டில் 66 பேர் விழுந்தார்கள். அவர்களில் 53 பேரால் குறைந்தது ஒருமுறையாவது தானாக எழ முடியவில்லை. 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்தார்கள். அவசர மணி இருந்தவர்களில் பலரும் அதை அழுத்தவே இல்லை. எலும்பு முறியாவிட்டாலும் நீண்ட நேரம் தரையில் கிடப்பது தனி ஆபத்து. உடல் குளிரும், அழுந்திய தசை சிதையும், நீர் வற்றும்.

எனவே விழாமல் இருக்கப் பழக்குவதோடு, விழுந்தால் எழவும் பழக்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழும் பழக்கம் நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை எல்லோருக்கும் இருந்தது. முட்டி அனுமதிக்கிறவர்கள், பிடிமானம் வைத்துக்கொண்டு, நாளைக்கு ஒருமுறையாவது அதைத் தொடர வேண்டும். மற்றவர்களுக்கு பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தரும் வழி இது. விழுந்ததும் பதறி எழக் கூடாது. ஒரு நிமிடம் அப்படியே கிடந்து எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ தாங்க முடியாத வலி என்றாலோ, ஒரு கால் குட்டையாகத் திரும்பிக் கிடந்தாலோ அசையாமல் கூப்பிட வேண்டும். வலி இல்லையென்றால் ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, நாலு கால் நிலைக்கு வந்து, கைக்கு எட்டும் கட்டிலுக்கோ கனமான நாற்காலிக்கோ தவழ்ந்து போக வேண்டும். இரு கைகளையும் அதன்மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கையாலும் அந்தக் காலாலும் உந்தி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். எழ முடியாதவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கை காலை அசைத்தபடியே, அருகில் இருக்கும் எதையாவது தரையில் தட்டி ஓசை எழுப்ப வேண்டும். செல்போன் மேஜை மேல் இருந்தால் பயனில்லை. கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்க வேண்டும், அல்லது படுத்த நிலையில் கை எட்டும் உயரத்தில் சுவரில் ஓர் அழைப்பு மணி பொத்தான் வேண்டும். இதைப் பகலில், ஒரு பாயை விரித்து, யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஒத்திகை பார்த்துவிடலாம். பேரப்பிள்ளைகள் கூடவே படுத்து எழுந்து காட்டினால் தாத்தாவுக்கும் கூச்சம் இருக்காது.